போது

சாஸ்கட்டூன். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஏழாம் எண் வளர்ப்பறைக்குள் மட்டும்
பதினாறு மணி நேரப் பகல்,
சுவிட்சில் உதிப்பது.

மசூர்ப் பூவுக்கு மணம் முடிக்க வேண்டும்.
அதற்கு முன் அதன் ஆண்மையைக் களைய வேண்டும்:
நெற்றியில் உருப்பெருக்கி, கையில் இடுக்கி,
ஓர் அரிசி நீளம்கூட இல்லாத மொட்டைக் கீறி
பத்து மகரந்தப் பைகளையும் எண்ணி எடுக்க வேண்டும்.
ஒன்பது எடுத்தால் அது தன்னையே கட்டிக்கொள்ளும்.
அது தெரியவர மூன்று மாதம்.

அரும்பில் கீறினால் சூல் நசுங்கும்.
மலரில் கீறினால் எல்லாம் முடிந்திருக்கும்.
நடுவே ஒரு நாள், சில சமயம் அரை நாள்.
'இதழ், புல்லியின் முக்கால் உயரம்'
என்கிறது செய்முறைத் தாள். பெயர் வைக்கவில்லை.
என் குறிப்பேட்டில் 'போ' என்று எழுதினேன்.
போது: விரியப்போகும் பூ.
பொழுதும் அதுவே.

இந்தப் பருவத்தில் உதவிக்கு வந்த பிரெயிலின்
அந்த எழுத்தைப் படம்போல வரைந்து வரைந்து
இருநூற்றுப் பதினான்கு சீட்டு கட்டினாள்.
பாதியில் துணைக்கால் விட்டுப்போய்
தொட்டிக்குத் தொட்டி 'பே'.
ஏன் சிரிக்கிறீர்கள் என்றாள்.
பேய் பிடித்த பூ என்று எப்படிச் சொல்ல?

மூன்றாம் ஆண்டுக் குழுக்கூட்டம்.
இருநூற்றுப் பதினான்கில்
உண்மையாகவே கலந்தவை பதினொன்று.
பேராசிரியர் வீப் கண்ணாடியைத் துடைத்தார்,
"பதினொன்று சுழியம் இல்லை" என்றார்.
அவர் துடைத்துக்கொண்டிருந்த நேரம்தான்
எனக்கு நினைவிருக்கிறது.

மற்றவற்றை அழிக்க வேண்டும். விதி.
மரபணு மாற்றிய செடி,
ஓர் இலைகூடக் கதவு தாண்டக் கூடாது.
ஆரஞ்சுப் பைகளில் அடைத்து
ஆட்டோகிளேவில் ஏற்றினோம்:
நூற்று இருபத்தொரு டிகிரி, நாற்பது நிமிடம்.
குக்கர்தான். விசில் மட்டும் இல்லை.

திறந்ததும்
நடைவழி முழுக்கப் பருப்பு வெந்த வாசம்.
ஒரு வருட உழைப்பு.
வயிறு வெட்கமில்லாமல் இரைந்தது.
பிரெயிலின் மூக்கை இழுத்து
"இதில் என்ன போடுவீர்கள்?" என்றாள்.
"மஞ்சள். பூண்டு. இறக்கும்போது நெய்."
இரண்டு பேருமாகப் பைகளை வண்டியில் ஏற்றினோம்.

ஏழாம் அறையில் இருட்ட இன்னும் இருபது நிமிடம்.
பதினொன்றில் நான்காவது செடி,
கீழிருந்து மூன்றாம் கணு:
பச்சைக்குள்ளிருந்து வெளிர்நீலம் ஒரு நூல்.
கணக்குப் போட்டேன்.
நாளைக் காலை ஆறரை.
அலாரம் வைத்துவிட்டு
கோட்டுக்குள் ஒவ்வொரு கையாக நுழைத்தேன்.