நாலு விரல்

விடிகாலை நாலரைக்கு மொட்டை மாடியில
கொடித்துணி எண்ணி எடுத்தேன்.
விரிப்பு நாப்பத்திரண்டு, தலகாணி உறை பதினேழு,
கல்கத்தாக்காரர் லுங்கி ஒண்ணு.
அப்பால, கணக்கில் இல்லாத ஒரு துண்டு.

நீல நூல்சேலை முந்தி, கையகலக் கிழிசல்.
கைப்பிடிச் சுவர்மேல செங்கல் பாரத்துக்குக் கீழ
தைப்பனியில ஊறிக் கெடந்தது.
எந்த நோயாளி வீட்டுக் கந்தலோன்னு
சோப்புத் தொட்டியில அமுக்கிட்டேன்.

டீ கொண்டுவந்த ஜபருல்லா
தலையில அடிச்சிக்கினான்:
"இன்னா பண்ணிட்ட தேசம்மாக்கா!
முன்னூத்தி ஒம்போது வெள்ளைக்காரர்
படிச்சிப் படிச்சி சொன்னாரு, தொடாதேன்னு.
அவங்க அயர்லாந்துல இன்னிக்கி பிரிஜித்தம்மா நோன்பாம்.
முந்தின ராத்திரி அந்தம்மா வீடு வீடா நடந்து வருமாம்.
வெளிய போட்ட துணியைத் தொட்டுட்டுப் போனா
தலை நோவுக்கு அதுவே மருந்தாம்.
விடிஞ்சதும் அளப்பாங்களாம்.
துணி நீண்டிருந்தா ஆயுசும் நீளுமாம்."

யாரு ஆயுசுன்னு நான் கேக்கல.
காட்பாடி எமல்டா சிஸ்டர்,
அந்த ஊர்ல இருபது வருசம் ஊசி போட்டவங்க,
தலைக்குள்ள கட்டியோட பெரியாஸ்பத்திரியில
எட்டு நாளா கண்ணு தொறக்கல.
அவங்க சேலைதான் அது.

சிரிக்கத் தோணல.
மே மாசம் ஒண்ணாந்தேதி
அடுப்பு நெருப்பும் பாலும் வாசல் தாண்ட விடமாட்டோம்னு
அவர் ஒருநாள் சில்லறை மாத்த வந்தப்போ சொன்னார்.
வெள்ளிக்கிழமை வெளக்கு வச்சப்புறம்
உப்புகூட கடன் தராதவ நான்.
மயானக் கொள்ளையில, பாலாத்து மணல்ல,
சூறை விட்டதை முந்தானையில ஏந்தி
மவனோட காச்சலுக்குத் தலமாட்டுல வச்சவ.

ஓடிப்போய் எடுத்தேன். பிழிஞ்சேன்.
நாப்பது விரிப்பு முறுக்குற கை,
அதுக்கு மெதுவாப் பிழியத் தெரியாது.
செங்கல்லுக்கு அடியில திரும்ப வச்சிட்டு
தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னுகினேன்.

ஆறு மணிக்கு வந்தார்.
கையில முடிச்சுப் போட்ட நூல், நேத்து அளந்தது.
வச்சுப் பார்த்தார். திரும்பவும் வச்சுப் பார்த்தார்.
நாலு விரல் கூடுதல்.

துணியை மூக்குக்கிட்ட கொண்டு போனார்.
பார் சோப்பு வாசனை.
கொஞ்ச நேரம் அப்படியே நின்னார்.
தண்ணித் தொட்டியப் பார்த்தாரா,
கோட்டைச் சுவருக்கு மேல வெளுக்குற வானத்தப் பார்த்தாரா,
சொல்ல முடியல.
"வந்துட்டுப் போயிருக்காங்க" என்றார்,
சிஸ்டர் கத்துக்குடுத்த காட்பாடித் தமிழ்ல,
யாருக்கோ.

மடிச்சுச் சட்டைப்பையில வச்சுகினு
படியிறங்கிப் போனார்,
ஈரம் நெஞ்சுல பரவப் பரவ.

விரிப்பு நாப்பத்திரண்டு. உறை பதினாறு.
ஒண்ணு எங்கயோ தவறிப் போச்சு.
திரும்ப எண்ணல.
செங்கல்லை அங்கேயே விட்டுட்டேன்.