இரண்டாம் வெடிப்பு

கருகல் வாசம்தான் முதலில் வந்தது.
டிரம்மைத் திறந்து பார்த்தேன்.
ஏற்காட்டுக் கொட்டை, நல்ல பழுப்பு,
ஒரு குறையும் சொல்ல முடியாது.
பிறகும் வாசம்.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
சாக்கு, தட்டு, புகைக்கூண்டு எல்லாம் தேடி
கடைசியில் குனிந்தேன்.
செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே
ஒரு கங்கு.

லீ பஜாரில் முப்பத்தோரு வருஷம்.
எந்த வாசம் எதனுடையது என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
என்னுடையது மட்டும் தெரியவில்லை.

ஐந்து ரோட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் நஃபீசா ஒரு நைலான் இழையால்
பாதத்தைத் தொட்டுத் தொட்டு
"இப்போ? இப்போ?" என்றார்.
பத்து இடத்தில்
இரண்டுக்குத்தான் ஆமாம் சொன்னேன்.
அதில் ஒன்று பொய்.

என்ன தொழில் என்றார். சொன்னேன்.
சிரித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டார்.
"உங்க டிரம்முல நடக்கற மாதிரிதான்
உங்க ரத்தக் குழாய்லயும் நடக்குது."

சர்க்கரை போய்ப் புரதத்தில் ஒட்டுகிறதாம்.
முதலில் தளர்வாக, பிரித்துவிடலாம் போல.
நாள்பட நாள்பட இறுகி, பழுப்பேறி,
திரும்பி வராத ஒன்றாகிவிடுமாம்.
விறகில்லை, இருநூறு டிகிரி இல்லை.
வெறும் உடம்புச் சூட்டில்
இருபது வருஷ வறுவல்.

கருகினது கருகினதாய் ஓரமாய்க் கிடந்தால்கூடப் பரவாயில்லை.
குழாய்ச் சுவரில் அதற்கென்றே
கை நீட்டி நிற்கிறதாம் ஒன்று.
ஏற்பி என்று பெயர்.
பிடித்த கணம் உள்ளே மணியடிக்கும்,
தீ தீ என்று ஊரைக் கூட்டும்.
வருகிற ஊர் அணைக்காது,
மிதித்துவிட்டுப் போகும்.
மணிச் சத்தம் கேட்டு
அதே சுவரில் இன்னும் நாலு கை முளைக்கும்.
அவையும் பிடிக்கும்.
அவையும் அடிக்கும்.

கண்ணுக்குள் திரை, சிறுநீரகச் சல்லடை,
பாதத்து நரம்பு என்று
அவர் விரல் விட்டபோது
நான் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிடிச்சாலும் மணியடிக்காத கை எதுவும் இல்லையா?"
"இருக்கு. சுவரை விட்டுக் கழன்று
ரத்தத்துல மிதக்கற கைகள்.
கருகினதைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா போயிடும்.
போதுமான அளவு இருக்கறதில்லை, அவ்வளவுதான்."
அப்படிப்பட்ட மனிதர்களும்
பஜாரில் குறைவுதான் என்றேன்.

முதல் வெடிப்பு சோளப்பொரி மாதிரி.
தெருவுக்கே கேட்கும்.
இரண்டாவது, காய்ந்த புல்லை மிதித்த மாதிரி.
அப்போது கொட்டையை வெளியே தள்ளவேண்டும்.
அரை நிமிஷம் அசந்தால் கரி.
ஒரு மூட்டையைக்கூட நான் அசந்ததில்லை.

பாயில் எறும்பு ஊருதென்று நான் புலம்ப
மரகதவல்லி எழுந்து விளக்கைப் போட்டு
உதறி உதறிப் பார்த்தாளே,
ஒரு எறும்பும் விழவில்லையே,
அந்த ராத்திரிகள்தானா
எனக்குள் கேட்ட இரண்டாவது?

இப்போது ஷூ. ஆஸ்பத்திரி கொடுத்தது.
போடுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவணும்,
அது கட்டளை.
கால் சொல்லாததை விரல் சொல்லும்.

இன்று காலை ஒன்று அகப்பட்டது.
பச்சைக் கொட்டை.
நேற்று மலையிலிருந்து இறங்கின லோடு.
ஒரு நாள் முழுக்க
அதன் மேல்தான் நடந்திருக்கிறேன்.