ஒரு மா

லோரோங் கெலாடி, ஆறாம் எண். குளோரியா மேன்ஷன்.
மூன்று மாடி, இருபது வீடு,
நடுவே வானம் பார்த்த முற்றம்.
பத்திரத்தில் எழுதியிருக்கிறது:
முற்றம் தனியொருவருக்கு இல்லை,
வீட்டுக்கு இருபதில் ஒன்று.

இருபதில் ஒன்றுக்குத் தமிழில் பேர் உண்டு, மா.
எனக்கு ஒரு மா முற்றம்,
ஒரு மா வெயில்,
பாசி வழுக்கும் படியில் ஒரு மா.
நடுவில் நிற்கும் மரமும் மா.
எங்கள் நிர்வாகக் குழுவில்
இந்தச் சிலேடைக்குச் சிரிக்க மூன்று வீடுதான்.

கட்டியவர் வரைபடத்தில் மரமே கிடையாது.
வாய் பிளந்த சிமென்ட் மீனோடு ஒரு நீரூற்று.
முப்பத்தெட்டில், திறப்பு விழாவன்று,
கால் மணி நேரம் பீச்சியதாம்.
பிறகு தொட்டியில் மழைநீர், கொசு,
யாரோ சப்பி எறிந்த கொட்டை.

ஜப்பான்காரன் காலத்துப் பக்கங்கள்
குறிப்பேட்டில் இல்லை.
முற்றமெங்கும் மரவள்ளி நட்டார்கள்,
கன்று அந்தத் தழைக்குள் ஒளிந்து தப்பியது.
நாற்பத்தேழில் மறுபடி மை:
"கிழங்கு வேர் தோண்டுகையில் ஒரு வானொலிப் பெட்டி அகப்பட்டது.
உரியவர் பெற்றுக்கொள்ளலாம்."
எவரும் வரவில்லை.
யாருடையது என்று எவரும் கேட்கவுமில்லை.
இருபது வீட்டுக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு
இதைவிட என்ன கையெழுத்து வேண்டும்?

முதல் காய் வந்த பிறகுதான்
கொட்டை போட்டவர்கள் மூன்று பேர் ஆனார்கள்.
பதினோராம் எண் டி குரூஸ் அம்மாள், நான்தான் என்றார்.
நாலாம் எண் கிராணி ஐயாத்துரை,
என் தைப்பிங் மைத்துனன் என்றார்.
கூ எங் ஹோ, காகம் என்றார்.
காகத்துக்கு வாக்குரிமை இல்லையென்று
தலைவர் வழக்கை முடித்தார்.

ஐம்பத்தொன்று. தீர்மானம்:
காய்களை எண்ணி இருபதால் வகுப்பது.
மீதி மரத்திலேயே, வௌவாலுக்கு.
முன்மொழிந்தவர் ஐயாத்துரை.
வழிமொழிந்தவர், இரண்டு வருடமாய்
அவரோடு பேசாத டி குரூஸ் அம்மாள்.

வகுக்காத வருடம் ஒன்றே ஒன்று.
அறுபத்தொன்பது, மே. ஊரடங்கு.
வெளிவாசலில் பூட்டு, மரத்தில் பிஞ்சும் காயும்.
மாடியிலிருந்து கயிற்றில் இறங்கின கூடைகள்,
அரிசியோடு ஏறின, காயோடு இறங்கின.
எது யார் கூடை என்று எழுதவில்லை.
பதினாறாம் எண் ரொகாயா
பச்சை மாங்காய்ச் சம்பல் இடித்த சத்தம்
அந்தி முழுக்க.
ஏழாம் எண் கதவு மட்டும்
அந்த வாரம் திறக்கவேயில்லை.
அடுத்த மாதம் காலி செய்துபோனார்கள்.
காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.

இப்போது செயலாளர் நான், பதினான்காம் எண்.
நாற்பது மாடிக்குப் படம் காட்டுகிறார்கள்.
எட்டாவது மாடியில் தோட்டமாம்,
தொட்டிகளில் மரமாம்.
பத்தொன்பது வீடு கையெழுத்துப் போட்டாயிற்று.
குறை சொல்ல மாட்டேன்.
கூரை ஒழுகுகிறது, லிஃப்ட் கிடையாது,
எங் ஹோவின் மகன்
தாயை முதுகில் சுமந்துதான் மாடியேறுகிறான்.
விலையும் நல்ல விலை.
என் சேமநிதிக் கணக்கை நானும் இரவில்
இரண்டு முறை பார்க்கிறேன்.

மிச்சம் என் ஒரு மா.

ஞாயிறு தொரட்டி போட்டோம். எண்ணிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு.
வீட்டுக்குப் பதினைந்து.
பைகளில் எண் எழுதிக் கதவுக் கதவாக மாட்டினேன்,
ஏழாம் எண்ணிலும்.
மீதி பன்னிரண்டு, உச்சிக் கிளையில்.

அவர்கள் தந்த படிவத்தில்
பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு,
எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
மீதிக்கு இல்லை.

நேற்றிரவு வௌவால்கள் வந்தன.
காலையில் முற்றத்தில் கூட்டி அள்ளினேன்,
ஏழு கொட்டை.

மேலே இன்னும் ஐந்து இருக்கிறது.