நூற்றைம்பது ரூபாய் நிலுவை

ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில்
ஒன்பதாவதின் பலகையை மட்டும்
காப்பிக்கொட்டைச் சாக்கால் கட்டி மூடினோம்.
கதைப்படி அது கொலம்பியா.
கொலம்பியாவில் நெடுஞ்சாலைத் துறை தமிழில் எழுதாது.

பணம் போலந்துக்காரர்களுடையது,
கேமரா மும்பையிலிருந்து, குதிரை ஓமலூரிலிருந்து.
மூடுபனி ஒன்றுதான் உள்ளூர்;
அதுதான் சொன்ன நேரத்துக்கு வரவில்லை.

என் பெயர் பத்மலோசனி.
ஒலிப்பதிவாளன் முதல் நாளே அதை லோஷன் ஆக்கிவிட்டான்.
திருத்தவில்லை.
பெயரைத் திருத்துகிற நேரத்தில்
ஒரு ஜெனரேட்டருக்கு வாடகை பேசி முடிக்கலாம்.

வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ்,
கணக்கெழுதச் சேர்ந்த முதல் கம்பெனியில் தெலுங்கு,
திட்டுவதற்கு இந்தி, கெஞ்சுவதற்கு ஆங்கிலம்.
தயாரிப்பாளர் என்றால் என்ன வேலை என்று
பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டார்கள்.
"ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தருக்குக்
கோபம் வராதபடி சொல்வது" என்றேன்.
சுயதொழில் என்று எழுதிக்கொண்டார்.

அதற்கு முந்தைய வருஷம்
கொரியாக்காரர்களுக்குப் பனி தேவைப்பட்டது.
சித்திரை வெயிலில், மேக்னசைட் சுரங்கத்து வெள்ளை மேட்டில்
கம்பளிக்கோட்டோடு இரண்டு காதலர்களைப் பிரித்துவைத்தோம்.
நாயகன் நிஜமாகவே மயங்கி விழுந்தான்.
துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.
எடிட்டிங்கில் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

வெள்ளச்சி பட்டிப்பாடியிலிருந்து வந்தவள்.
இடுப்பில் கூடை, கழுத்தில் இரவல் சிலுவை,
தலையில் வைக்கோல் தொப்பி.
"எதையாவது பேசட்டும்," என்றார் இயக்குநர்,
"ஊருக்குப் போய்க் குரலை மாற்றிக்கொள்கிறோம்."
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் நிழலில்
பழம் பறித்தபடி பேசினாள்.
நான் அப்போது கீழே மூன்றாவது வளைவில்,
பஞ்சரான சாப்பாட்டு வேனோடு,
நாற்பது தட்டுவடை செட் நமுத்துப்போவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்சா. டிசம்பர். முந்நூறு இருக்கை.
குரலை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லையாம்,
அத்தனை இனிமையாம் அந்தப் பாஷை.
திரை நிறைய வெள்ளச்சி:
"நேத்து கூலியில நூத்தம்பது கொறையுது.
அந்தக் கண்ணாடி போட்ட அம்மா
நாளைக்கி நாளைக்கிங்குது.
இந்தத் தொப்பி வேற, மண்டைய அரிக்குது."
அடியில் போலிஷ் எழுத்துகள் ஓடின.
பக்கத்து இருக்கைக்காரரிடம் மெல்லக் கேட்டேன்.
"இந்த ஆண்டு விளைச்சல் குறைவில்லை,
கடலுக்குப் போன மகன்
நாளை திரும்பிவிடுவான் என்கிறாள்."
சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

கண்ணாடி போட்ட அம்மா
கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.
விளக்கு வந்ததும் கைதட்டினேன்.
தட்டாமல்?
அடுத்த தொடருக்கும் அவர்கள்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

சேலம் வந்து வவுச்சர் கட்டைப் பிரித்தேன்.
ஒரு கட்டைவிரல் ரேகை, 450.
பக்கத்தில் பென்சிலில்: நிலுவை 150.
என் கையெழுத்தேதான்,
அவசரத்தில் ஐந்து எப்போதும் எனக்குக் கவிழ்ந்துவிடும்.

பஸ்ஸில் ஏறினேன். ஒன்பதாவது வளைவில்
சாக்கு கட்டியது கட்டியபடி இருந்தது.
எட்டுக்கு அப்புறம் பத்து என்று பழகிவிட்டதாக
டிரைவர் சொன்னார்.

வெள்ளச்சி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
முந்தியில் முடிந்தாள்.
"நான் பேசுனது அவங்களுக்கு வெளங்குச்சா?"
"நல்லாவே. அழுதாங்க."
"நூத்தம்பதுக்கா?" என்றாள்.

அடுத்த மாசம் ஜப்பான்காரர்கள் வருகிறார்கள்,
இதே சரிவு தாய்லாந்து ஆகவேண்டும்,
பன்னிரண்டு கூடை, பன்னிரண்டு பெண்கள் தேவை.
இதைச் சொல்லவும்தான் வந்திருந்தேன்,
சொல்ல நாக்கு எழவில்லை, இருந்தும் சொன்னேன்.

கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.
"ஊரு எதுவா வேணா இருக்கட்டும்.
கூலிய மட்டும் ஏற்காட்டுலயே குடுத்துருங்க."