நான்கெல்லை

மாரத்தஹள்ளி தாண்டி
பெயரில் மட்டும் ஏரி இருக்கிற லேஅவுட்டில்
முனிதாயம்மா வீட்டுப் பின்புறம்
சாய்ந்து கிடந்தது கல்.
மேல்பாதியில் சோப்பு நுரை,
கீழ்ப்பாதி சிமெண்டுக்குள்.
படம் எடுத்து எங்களுக்கு அனுப்பியவன்
பஞ்சர் கடை நயாஸ்.
"ட்யூப் கழுவ வந்தேன் சார்.
வெயில் சாய்ஞ்சப்போ
எழுத்து எழுந்து நின்னுச்சு."

கல்லைத் தேய்க்க அவளிடமே பிரஷ் வாங்கினேன்.
நாற்பது வருஷத்துச் சோப்பு
தோல் தோலாய் உரிந்து வந்தது.
பிறகு ஈரத் தாளைப் போர்த்தி
தட்டித் தட்டி
ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறக்கினேன்.
மைப்பொதியால் ஒற்ற ஒற்றக்
கல் கறுத்தது;
எழுத்து மட்டும் மை படாமல்
வெள்ளையாய் ஒதுங்கிக்கொண்டது.

"யாவ பாஷெ?" என்றாள்.
தமிழ் என்றேன்.
நயாஸ் ஒருமுறை தெருப்பக்கம் பார்த்துவிட்டு
"மெதுவா சொல்லுங்க சார்."
அவள் சிரித்தாள்.
"எந்த பாஷையா இருந்தா என்ன,
அழுக்கு போச்சில்ல இத்தனை நாள்?"

ஸ்வஸ்திஸ்ரீயில் பாதி இருந்தது.
ராசாவின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை.
நிலத்தைக் கொடுத்தவள் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
வழவழவென்று ஒரு குழி,
சரியாக முழங்கை அகலம்.
எத்தனை ஆயிரம் சட்டைக் காலர்கள்.
விளிம்பில் "மகள்" என்று மட்டும்
தொற்றிக்கொண்டிருந்தது ஒரு சொல்.

நிலம் தப்பித்திருந்தது.
"கீழ்பாற்கெல்லை ஏரிக்கரைக்கு மேற்கும்"
என்று விரல் வைத்து வாசித்தேன்.
அவள் கிழக்கே கை நீட்டினாள்:
"அங்க இப்போ ஏழு மாடி."
"தென்பாற்கெல்லை புளிக்கு வடக்கும்."
"ட்ரான்ஸ்ஃபார்மர்."
"மேல்பாற்கெல்லை பெருவழிக்குக் கிழக்கும்."
"அது இருக்கு," என்றான் நயாஸ்.
"ரிங் ரோடு. காலைலேர்ந்து ஜாம்."
வடபாற்கெல்லையில் கல் உடைந்திருந்தது.
"வடக்கே நான்தான்," என்றாள் முனிதாயம்மா.

சொல்லிவிட்டு உள்ளே போனவள்
பிளாஸ்டிக் உறையோடு வந்தாள்.
உறைக்குள் பத்திரம்,
பத்திரத்துக்குள் சக்குபந்தி,
அதிலும் நான்கு பக்கம்:
யார் யார் சைட்டோ, ஒரு வாய்க்கால்,
இருபதடி ரோடு.
என் தாளின் பக்கத்தில் அதை விரித்து வைத்துக் கேட்டாள்:
"உங்க கல்லு ஏ கத்தாவா, பி கத்தாவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பயம் இல்லாமல் யார்
நான்கு திசையையும் கூப்பிட்டுச் சாட்சி வைப்பார்கள்?
அந்த மகளிடமும்
யாராவது கேட்டிருப்பார்கள்.

மறுநாள் சிமெண்டை உடைத்தோம்.
வெளிச்சம் படாத கடைசி வரி
நேற்று உளி வைத்ததுபோல் கூர்மையாய்,
ஓர் எழுத்தும் குறையாமல்:
இது அழித்தான்
கங்கைக்கரையில் குராற்பசுவைக் கொன்றான்
பாவங்கொள்வான்.

"அது என்ன எழுதியிருக்கு?"
ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள்.
விரல் நுனிகள் சோப்பில் ஊறி
வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"சிதைஞ்சிருக்கும்மா. படிக்க முடியல."

பதிவேட்டில் முழு வரியும் இருக்கிறது.
பொய் அவளுக்கு மட்டும்.

கல்லை லாரியில் ஏற்றினார்கள்.
ரசீது தந்தோம்.
துவைக்கிறவளுக்கு மாற்றுக் கல் தர
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
சனிக்கிழமை நானும் நயாஸும்
கிரானைட் கடைக்குப் போய்
ஓரம் உடைந்த பலகை ஒன்றை
எழுநூறு ரூபாய்க்குப் பேசி
ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினோம்.

ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.
இந்தப் பக்கம் தடவினாள்.
எங்களைப் புரட்டச் சொல்லி
அந்தப் பக்கமும் தடவினாள்.

"இதுல ஒண்ணும் எழுதலையே?"