இருட்டுக்கு ஓர் இடம்

மதியம் ஒரு மணி.
லூலியோ நகரத்தில்
சூரியன் கடையை மூடிவிட்டது.
"மூன்று மணி நேரம் உழைத்தேனே, போதாதா?"
உறைந்த கடலுக்கு அந்தப் பக்கம்
போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

அப்புறம் வந்தது இருட்டு.
ஆள்தான் பெரிசு, ஆனால்
ஆட்டுக்குட்டி மாதிரிக் கூச்சம்.
பதினாறாம் எண் கட்டடத்தின் வாசலில்
பனியை உதறிவிட்டுக் கேட்டது:
"உள்ளே வரலாமா?"

முதல் மாடியில் ஆல்வா.
டிசம்பர் பதிமூன்று, லூசியா நாள்.
விடியுமுன் எழுந்து வெள்ளை அங்கி,
இடுப்பில் சிவப்பு நாடா,
தலையில் மெழுகுவத்திக் கிரீடம்.
(பேட்டரி மெழுகுவத்திதான்.
போன வருஷம் முடி பொசுங்கிய வாசம்
அம்மாவின் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.)
பின்னால் தம்பி சிக்ஸ்டன்,
தலையில் கூம்புத் தொப்பி,
வாயில் பாட்டு இல்லை:
குங்குமப்பூ ரொட்டியின் திராட்சைக் கண்ணைத்
தோண்டித் தோண்டித் தின்கிறான்.
வெளிச்சம் நடந்து வருகிறதே!
இருட்டு எழுந்து வழிவிட்டது.

இரண்டாம் மாடி ஜன்னலில்
ஷீராவின் ஒன்பது கை விளக்கு.
"நடுவில் நெட்டையாய் நிற்கிறதே,
அதுதான் ராஜாவா?"
கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டது இருட்டு.
"ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை.
அது வேலைக்கார மெழுகுவத்தி.
மற்ற எட்டுக்கும் நெருப்புக் கொடுப்பது அதுதான்."
முதல் நாள் ஒன்று எரிந்தது,
இருட்டு ஓரடி தள்ளி நின்றது.
இரண்டாம் நாள் இரண்டு,
இன்னும் ஓரடி.
உருளைக்கிழங்கு அடை எண்ணெயில் பொரியும் வாசனை.
அதை மோந்துகொண்டே
பின்னால் பின்னால் நகர்ந்து
எட்டாம் நாள்
மாடிப்படியில் இடறி விழுந்தது.

அன்றைக்குத்தான்
வருஷத்திலேயே நீளமான ராத்திரி.
இருட்டு ஊதிப் பெருத்துப்போயிருந்தது.
இவ்வளவு பெரிய உடம்பை
எந்த மூலையில் ஒளித்துவைப்பது?

மூன்றாம் மாடிக் கதவு திறந்தது.
மாதுளை முத்துகள் ஒரு கிண்ணத்தில்,
கொட்டும் பனியிலும் ஒரு தர்பூசணி,
பிஸ்தா ஓடு தரையெல்லாம்.
அப்பா கண்ணை மூடிப் பழைய கவிதைப் புத்தகத்தைத் திறக்கிறார்;
எந்தப் பக்கம் வருகிறதோ
அதுதான் உனக்கு வரும் வருஷம்.
யாருமே தூங்கவில்லை.
"யாருக்காக விழித்திருக்கிறீர்கள்?"
கோல்னூஷ் வாய் நிறைய மாதுளையோடு சொன்னாள்:
"உனக்காகத்தான்!
இவ்வளவு நீளமான ராத்திரியைத்
தனியாக அனுப்பலாமா?
உட்கார். விதையைத் துப்பாதே."

இருட்டுக்குத் தொண்டை அடைத்தது.
இதுவரை யாருமே
அதை உட்காரச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் நான்கு பேரும்
முற்றத்துக்கு இறங்கினார்கள்.
பனியுருண்டை மேல் பனியுருண்டை,
இடையிடையே சந்து விட்டு
குட்டிக் கோபுரம் ஒன்று.
உள்ளே ஒரே ஒரு மெழுகுவத்தி.
சந்துகள் வழியே வெளிச்சம் கசிந்தது.
வெளியே அதைச் சுற்றி
இருட்டு சுருண்டு படுத்தது,
கணப்பைச் சுற்றிய பூனை போல.
அது இல்லாவிட்டால்
அந்தச் சின்ன விளக்கை
யார் பார்த்திருப்பார்கள்?

விரல் விறைத்து எல்லாரும் ஓடினார்கள்.
சிக்ஸ்டன் மட்டும் திரும்பி வந்தான்.
கோபுரத்தின் அருகே ஒரு ரொட்டி வைத்தான்,
இரண்டு திராட்சையும் தொடாமல்.
(எவ்வளவு கஷ்டப்பட்டான் என்பது
அவனுக்குத்தான் தெரியும்.)

மறுநாள் பகல்
சில நொடிகள் நீண்டிருந்தது.
மெழுகுவத்தி அணைந்திருந்தது.
ரொட்டி அப்படியே இருந்தது,
ஒரு திராட்சை மட்டும் காணோம்.

"எலி" என்றாள் ஆல்வா.
"காக்கை" என்றாள் ஷீரா.

சிக்ஸ்டன் ஒன்றும் சொல்லவில்லை.