வாலா வயிறா

இருபத்திரண்டு நீலப் பீப்பாய்,
குழாய்ச் சட்டம், மேலே பைனஸ் பலகை.
மிதக்கிறது. ஆட்டை ஏற்றியும் பார்த்தாயிற்று.
இனி எது இதைத் தள்ளும் என்பதில்தான்
மூன்று வாரமாய் எனக்கும்
தங்கச்சி புருஷன் ஞானசீலனுக்கும் இடையே
சோற்றுத்தட்டு நகரும் சத்தம் மட்டும்.

பாதிப் பணம் என்னுடையது.
பத்தொன்பது வருஷக் கொழுந்து
சேமலாப நிதியாகி
மஸ்கெலியா வங்கியில் நோட்டாகி
என் ரவிக்கைக்குள் வந்தது.
மறுபாதி, அவன் வெள்ளவத்தைக் கடையில்
மாவு குழைத்தது.
ஆகவே இரண்டு பேருக்கும் வாய் உண்டு.

"டீசல்தான்" என்றான்.
அட்டனில் ஒரு லேண்ட்மாஸ்டர் என்ஜின்
கலப்பையை இழந்து சும்மா கிடக்கிறதாம்.
நடுத்தட்டில் பெட்டி அடித்து உட்கார்த்திவிட்டால்
வயிற்றுப் பிள்ளையை எவன் களவெடுப்பான்?

நான் வெளியே தொங்குவதைக் கேட்டேன்.
நீர்கொழும்பில் ஒரு மீன்காரர் விற்கிறார்:
பதினைந்து குதிரை, இரண்டாம் கை.
"வாலைப் பிடிச்சா ஓட்டப் போறீங்க, மதினி?"
"மாட்டுக்கு வால் வெளியேதான் இருக்கு.
ஈ ஓட்டவும் உதவுது."

பரீத் நானா
ஒயில் விரலால் காற்றைக் காட்டினார்.
"நாலாயிரம் அடி. இங்கே பதினைந்தில்
ரெண்டு குதிரை மூச்சு வாங்கிப் படுத்துடும்.
டீசலும் அப்படித்தான்,
ஆனா அது இருமிக்கிட்டே வேலை செய்யும்,
எங்க வாப்பா மாதிரி."
அதற்குமேல் அவர் ஒரு பக்கமும் சாயவில்லை.
இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பவர்.

கொப்பியில் நடுக்கோடு போட்டேன்.
இந்தப் பக்கம் பெற்றோல் விலை.
அந்தப் பக்கம் இடம்: பெட்டி வைத்தால்
ஆறு ஆள் குறையும், அல்லது பன்னிரண்டு கோவா மூட்டை.
வரிசையில் நின்ற வருஷத்தை
எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை.
இரண்டுக்கும்தானே நின்றோம்.

மாசியில் மழை மறந்தது.
மின்சாரத்துக்காக மவுசாகலையைத் திறந்துவிட்டார்கள்.
கரை நாளுக்கு ஒரு முழம் பின்வாங்க
பழைய டவுனின் கோயில் தோள்வரை எழுந்து நின்றது.
சேற்றில் தேயிலைத் தூர்கள்,
இத்தனை காலம் ஊறியும் அழுகாதவை,
ஈட்டி மாதிரி.

ஞானசீலன் மூங்கிலில் அங்குலம் வெட்டி
நாங்கள் ஓட்டப்போகும் பாதை நெடுகக் குத்திக்கொண்டே நடந்தான்.
கத்தினான். நான் கரையில் எழுதினேன்.
மூன்று அடி. இரண்டரை.
இரண்டு.
ஒன்றே முக்கால்.
அடியில் நீட்டி நிற்கும் சாஃப்ட்டுக்கு
பீப்பாய்க்குக் கீழே இரண்டு அடி வேண்டுமென்று
படம் கீறியவன் அவன்தான்.
வெளியே தொங்குவதென்றால்
சாரத்தை மடித்துக் கட்டுகிற மாதிரி
தூக்கிக்கொண்டு கடந்துவிடலாம்.
நான் அதைச் சொல்லவில்லை.

காலில் சேற்றைக் கழுவியபடி
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"பின்பக்கப் பலகை
ரெண்டு அங்குலம் பத்தாது, மதினி.
மூணு போடணும்."

இப்போது என்ஜின் எங்கள் லயத்தில் உறங்குகிறது.
நாற்பது கிலோ, நூற்றுப் பத்துப் படி.
ஆளுக்கொரு முனை பிடித்தால்
ஆளுக்கு ஒரு முழுப்பேர்.
என் முதுகுக்கு அந்தப் பாரம் பழக்கம்.
அவன்தான் ஐம்பதாம் படியில் நின்று
மலையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான்.
பெற்றோல் வாடை என்று தங்கச்சி
பாயைத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

ஒன்று மட்டும் பாக்கி.
சேற்றுக்கு முன்னால், எல்லாம் தோற்றபிறகு,
அவன் வைத்த கடைசி வாதம்:
"தை பிறந்து பனி கொட்டுறப்ப
பள்ளிக்கூடப் பிள்ளைங்க
பெட்டியைச் சுத்தி நின்னு கை காயலாம்."
கொப்பியில் அதற்கு நான் இடம் விடவில்லை.

இன்று தை ஒன்பது.
அக்கரை தெரியவில்லை.
பதினொரு பிள்ளைகள், அக்குளுக்குள் கைகள்,
ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து.
பின்னால் என்ஜின்
தன் சூட்டையெல்லாம்
தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறது.